வெண்புள்ளிக்கு ஒளிச்சிகிச்சை: எத்தனை நொடி, எத்தனை மாதம்?

வெண்புள்ளிக்கு 'லைட்' வைத்துக்கொண்டிருப்பவர்களும், வைக்கலாமா என்று தயங்குபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் தோல் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள். வெண்புள்ளி தொழுநோய் இல்லை. தொட்டாலோ கூடச் சாப்பிட்டாலோ ஒட்டாது. இதை இன்னொரு முறை சொல்லிவிட்டு நேராகக் கேள்விகளுக்குப் போகிறோம்.

என் மகளுக்கு 11 வயது. கன்னத்திலும் முழங்காலிலும் வெள்ளைத் திட்டுகள். டாக்டர் வாரம் மூன்று நாள் லைட் வைக்கச் சொல்கிறார். நிறமே இல்லாத இடத்தில் வெளிச்சம் பட்டால் நிறம் எங்கிருந்து வரும்? சின்னப் பிள்ளைக்கு இது ஆகுமா?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

நிறம் முடியின் வேரிலிருந்து வரும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை, உடலின் காவல் செல்களே தவறுதலாகத் தாக்கி அழிப்பதுதான் வெண்புள்ளி. மேல்தோலில் இருந்த மெலனோசைட்டுகள் போய்விட்டாலும், ஒவ்வொரு முடியின் வேர்ப்பகுதியிலும் மெலனோசைட்டாக மாறக்கூடிய மூலச் செல்கள் கொஞ்சம் சேமிப்பில் இருக்கும். தாக்குதல் பெரும்பாலும் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை.

டாக்டர் சொல்லும் லைட், நாரோபேண்ட் யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர். அலைநீளம் 311 நானோமீட்டரை ஒட்டியது. இந்தக் கதிர் தோலில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தாக்கிக்கொண்டிருக்கும் காவல் செல்களை அந்த இடத்தில் மட்டும் அடக்குகிறது. முடிவேரில் இருக்கும் மூலச் செல்களைப் பெருக வைத்து, முடிக்குழாய் வழியே மேலே ஏறிவரச் செய்கிறது. மேலே வந்தவை சுற்றிலும் பரவி நிறத்தைக் கொடுக்கின்றன. முதல் வேலை நடக்காமல் இரண்டாவது மட்டும் நடந்தால் புதிதாக வந்த செல்லும் அழிந்துபோகும். ஒளிச்சிகிச்சை மாதக்கணக்கில் இழுப்பதற்கு இதுதான் காரணம்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு லென்ஸை வைத்து உங்கள் மகளின் திட்டுக்குள் இருக்கும் பூனைமுடியைப் பாருங்கள். முடி கறுப்பாக இருந்தால் வேரில் சேமிப்பு இருக்கிறது என்று அர்த்தம், பலன் எதிர்பார்க்கலாம். முடியே வெளுத்திருந்தால் அந்தத் திட்டில் நிறம் திரும்புவது கடினம். சிகிச்சை வேலை செய்யத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் மாதத்தில், வெள்ளைப் பரப்புக்குள் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு முடி இருக்கும். அந்தப் புள்ளிகள் அகன்று ஒன்றோடொன்று சேரும்போதுதான் திட்டு மூடுகிறது. சில திட்டுகள் ஓரத்திலிருந்தும் உள்நோக்கிச் சுருங்கும்.

வெண்புள்ளிக்கு நாரோபேண்ட் யூவிபி பலன் தருவதை 1997-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உலகெங்கும் தரப்படுகிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனைதான்: கண்ணாடி மாட்டிக்கொண்டு, சொன்ன நேரம் வரை அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். ஏழு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், 11 வயது தாராளம். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கும், வெயிலே தாங்காத பரம்பரைத் தோல் நோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கூடாது. வேறு நோய்க்கு மாத்திரை ஏதாவது போய்க்கொண்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் தோலை ஒளிக்குக் கூச வைக்கும்.

புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. இமையிலேயே திட்டு உள்ளவர்களுக்கு மட்டும், டாக்டர் அனுமதித்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு கண்ணாடி இல்லாமல் வைப்பதுண்டு. திட்டு இல்லாத முகத்தைத் துணியால் மறைக்கலாம், பிறப்புறுப்பை மறைக்கத்தான் வேண்டும். லைட் வைக்கப் போகும் அன்று பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. பூச்சு ஒளியைத் தடுத்துவிடும். அதைவிட மோசம், ஒரு நாள் பூசியும் மறுமுறை பூசாமலும் போவது. பூசிய நாள் கணக்கில் அளவை ஏற்றிக்கொண்டே போய், பூசாத நாளில் வெந்துவிடும்.

முதல் நாள் என்னை நிறுத்தியது வெறும் 50 நொடி. இதற்காக 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறேன். ஐந்து நிமிடம் வைத்தால் சீக்கிரம் குணமாகாதா?
– ஒரு வாசகர், அரூர்

ஆகாது, தோல் வெந்து ஒரு மாதச் சிகிச்சை வீணாகும். அந்த 50 நொடி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பொறுமை வரும்.

ஒளிக்கு மாத்திரை போலவே அளவு உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிஜூல் விழுகிறது என்பதுதான் அந்த அளவு. நிறம் எதுவாக இருந்தாலும் 200 மில்லிஜூலில் தொடங்கலாம் என்பது வெண்புள்ளி நிபுணர் குழு ஒன்று 2017-இல் வெளியிட்ட பரிந்துரை. கருவியின் வீச்சை மீட்டர் வைத்து அளந்தால் ஒரு நொடிக்கு எத்தனை மில்லிஜூல் என்று தெரியும். நொடிக்கு 4 மில்லிஜூல் தரும் கருவியில் 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50 நொடி. குழல்கள் பழசாகி வீச்சு 2.5-க்கு இறங்கியிருந்தால் அதே 200-க்கு 80 நொடி பிடிக்கும். ஆகவே பக்கத்து ஊர் கிளினிக்கில் உங்கள் நண்பர் எத்தனை நொடி நிற்கிறார் என்பதை உங்களுடையதோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. மில்லிஜூலைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

தாங்கினால் ஒவ்வொரு தடவையும் முந்தைய அளவில் 10 முதல் 20 சதவீதம் கூட்டப்படும். 10 சதவீதம் என்றால் 200, 220, 242, 266 என்று ஏறி, 17 தடவை கூட்டியதும் 1,000-ஐத் தாண்டும். வாரம் மூன்று முறை போனால் ஆறு வாரத்தில் அங்கே வந்துவிடலாம். 20 சதவீதம் கூட்டினால் ஒன்பதே தடவை. உச்ச வரம்பாக முகத்துக்கு 1,500, உடம்புக்கு 3,000 மில்லிஜூல் என்று வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வரம்பைத் தொட வேண்டும் என்பதில்லை. திட்டு இலேசாகச் சிவந்து, அந்தச் சிவப்பு 24 மணி நேரத்துக்குள் மறைகிற அளவுதான் உங்களுக்குச் சரியான அளவு. அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏணி.

வாரம் மூன்று முறை சிறந்தது. இரண்டு முறையும் பலன் தரும், கொஞ்சம் தாமதமாகும். அடுத்தடுத்த நாளில் வைக்கக் கூடாது. யூவிபியின் சிவப்பு முழுதாகத் தெரிய ஒரு நாள் ஆகும் என்பதால், நேற்று வைத்தது அதிகமா இல்லையா என்பதே இன்று முழுதாகத் தெரிந்திருக்காது. 40 கிலோமீட்டர் தூரம் உங்களுக்குப் பெரிய பாரம் என்பது புரிகிறது. வாரம் இரண்டு முறை என்று டாக்டரிடம் பேசி முடிவெடுத்து, அதை விடாமல் போவது, மூன்று என்று தொடங்கி நடுவில் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

12-ஆவது தடவைக்குப் பிறகு திட்டெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி எரிந்தது. நிறுத்திவிடவா? நடுவில் பொங்கலுக்கு ஊருக்குப் போய் பத்து நாள் விட்டுவிட்டேன், அதனால் இருக்குமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு பழைய நொடிக் கணக்கிலேயே நின்றிருப்பீர்கள். காரணம் அநேகமாக அதுதான். ஒளி பட்டுப் பட்டுத் தோல் கொஞ்சம் தடித்துப் பழகிக்கொள்ளும், விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால் விடுபட்ட நாளுக்கு ஏற்ப இறங்கித்தான் தொடங்க வேண்டும். 4 முதல் 7 நாள் விட்டிருந்தால் அதே அளவு, கூட்டக் கூடாது. 8 முதல் 14 நாள் என்றால் கால்வாசி குறைக்க வேண்டும். 15 முதல் 21 நாள் என்றால் பாதியாக்க வேண்டும். மூன்று வாரத்தைத் தாண்டினால் மறுபடி 200-லிருந்து. லைட் வைக்கும் பணியாளரிடம் கடைசியாக வந்த தேதியைச் சொல்லாமல் உள்ளே போய் நிற்காதீர்கள். கூட்டமான நாளில் அவர் அட்டையைப் பார்க்கத் தவறலாம்.

சிவப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்பே இல்லை, அல்லது 24 மணிக்குள் போய்விட்டது என்றால் அடுத்த முறை கூட்டலாம். ஒரு நாளைத் தாண்டி இரண்டு நாளுக்குள் போனால் அதே அளவிலேயே நிற்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேலும் நின்றாலோ, தொட்டால் வலித்தாலோ, கொப்புளம் வந்தாலோ அது முழுதாக ஆறும் வரை லைட் கிடையாது. ஆறிய பின் கடைசியாகத் தாங்கிய அளவில் தொடங்கலாம். நிறுத்திவிட வேண்டியதில்லை. கொப்புளத்தை உடைக்காதீர்கள். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும், கொப்புளம் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். கடும் எரிகாயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காயம் பட்ட இடத்தில் புதிதாக வெண்புள்ளி தோன்றுவது இந்த நோயின் குணம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த வாரம் கிளினிக்கில் குழல் மாற்றினார்களா என்று கேளுங்கள். புதுக் குழலின் வீச்சு கூடுதல். பழைய நொடியிலேயே நிறுத்தினால் பலருக்கு ஒரே வாரத்தில் சிவந்துவிடும்.

நாலு மாதமாகத் தவறாமல் போகிறேன். முகத்தில் நன்றாக நிறம் வந்திருக்கிறது. விரல் நுனியிலும் பாதத்திலும் ஒன்றுமே இல்லை. டாக்டர் இன்னும் தொடரச் சொல்கிறார்.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

முகத்துக்குத் தொடருங்கள். விரல் நுனி விஷயத்தில் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்: லைட்டால் மட்டும் அங்கே நிறம் வருவது மிக அரிது. விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, இங்கெல்லாம் முடி இல்லை. முடி இல்லாத இடத்தில் சேமிப்பும் இல்லை.

உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த கணக்கு ஒன்றில், ஆறு மாத நாரோபேண்ட் சிகிச்சைக்குப் பிறகு முக்கால்வாசிக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் முகத்திலும் கழுத்திலும் 44 சதவீதம், மார்பு வயிறு முதுகில் 26 சதவீதம், கை கால்களில் 17 சதவீதம். கைப்பாதம், கால்பாதங்களில் ஒருவரும் இல்லை. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், முக்கால்வாசிக்கு மேல் நிறம் பெற்றவர்கள் மூன்று மாதத்தில் 13 சதவீதம், ஆறு மாதத்தில் 19, ஒரு வருடத்தில் 36. மூன்றாம் மாதத்தில் 'இது நமக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டவர்களில் எத்தனையோ பேர் ஒரு வருடம் நின்றிருந்தால் தேறியிருப்பார்கள். இதை நினைத்துத்தான் எங்களுக்கு ஆதங்கம். 72 தடவை முடியும் முன் 'பலனில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம் என்பது நிபுணர்களின் பரிந்துரை. வாரம் மூன்று என்றால் அது 24 வாரம், ஏறக்குறைய ஆறு மாதம்.

முகம் தேறி, மற்ற திட்டுகளும் ஒரு வருடமாகப் பெருகாமல் புதிதாக எதுவும் வராமல் இருந்தால், விரல்களுக்கு ஒட்டு அறுவை சிகிச்சையைக் கேட்டுப் பார்க்கலாம். தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்துக் கரைசலாக்கித் திட்டின்மேல் பரப்பும் முறை இப்போது பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. ஒட்டிய செல் பரவுவதற்கு மறுபடி இதே லைட்தான் உதவும். விரல் நுனியில் அறுவை சிகிச்சையின் பலனும் மற்ற இடங்களைவிடக் குறைவுதான்.

இணையத்தில் சீப்பு போல ஒரு யூவி லைட் விற்கிறார்கள். வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

வைக்கலாம், தோல் டாக்டர் அளவு எழுதிக் கொடுத்து மாதாமாதம் பார்ப்பதாக இருந்தால். பிரிட்டனில் 517 பேரிடம் நடந்த ஹை-லைட் ஆய்வு கைக்கருவியைத்தான் வீட்டில் பயன்படுத்தச் சொன்னது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லைட்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 27 சதவீதம் பேருக்கு, திட்டு முன்போல் கண்ணில் படவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பலன் இருந்தது. களிம்பு மட்டும் போட்டவர்களில் அது 17 சதவீதம். இந்த எண்களை எதிர்பார்ப்பில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். உடம்பில் பரவலாகத் திட்டு இருப்பவர்களுக்குக் கைக்கருவி சரிப்படாது, ஒவ்வொரு இடமாக வைத்து முடியாது.

வாங்கும்போது விலையையும் பெட்டியையும் பார்ப்பதற்கு முன் குழலில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒரே உருவத்தில், ஒரே பின்னில் பொருந்துகிற 9 வாட் குழல்கள் பல வகை உண்டு. பிலிப்ஸ் குழலில் 'பிஎல்-எஸ் 9டபிள்யூ/01' என்றிருந்தால் அதுதான் நாரோபேண்ட். '/12' என்று முடிந்தால் அகலப்பட்டை யூவிபி; நாரோபேண்டுக்குச் சொன்ன நொடி வைத்தால் வெந்துவிடும். '/10' என்றால் யூவிஏ என்ற வேறு வகைப் புற ஊதாக் கதிர், இந்த வேலைக்கு உதவாது. 'டியூவி' என்று தொடங்கினால் அது கிருமி கொல்லும் யூவிசி குழல், தோலிலும் கண்ணிலும் படவே கூடாது. யூவிசி குழலின் கண்ணாடி உள்ளே தெரியும்படி தெளிவாக இருக்கும், நாரோபேண்ட் குழல் உள்ளே வெள்ளைப் பூச்சோடு இருக்கும். மின்னும் நீல வெளிச்சத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 311 நானோமீட்டர் என்று எழுதாத கருவி, நகப்பூச்சு காயவைக்கும் லைட், நோட்டு பார்க்கும் லைட், இவை எதுவும் வேண்டாம்.

வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது தூரம். கருவியோடு வரும் சீப்பு அல்லது இடைவெளிக் கட்டை தோலைத் தொடும்படி வைத்தால் தூரம் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்கும். கழற்றிவிட்டு நெருக்கினால் அளவு ஏறிவிடும். இரண்டாவது, பெரிய திட்டை இரண்டு மூன்று தடவையாக வைக்கும்போது ஓரம் ஒன்றின்மேல் ஒன்று விழுவது. அந்தப் பட்டை இரட்டை அளவு வாங்கி, மறுநாள் கோடு போட்டது போலச் சிவக்கும். ஏற்கெனவே வைத்த பகுதியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மூன்றாவது, மனக்கணக்கு. ஒரு நோட்டில் தேதி, இடம், நொடி, மறுநாள் சிவப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் போட்டோ எடுங்கள். தினம் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெதுவான மாற்றம் தெரியாது. தொடக்கத்தில் திட்டைச் சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்து, திட்டு முன்னைவிட வெளுப்பாகத் தோன்றுவதும் உண்டு. நோய் பரவிவிட்டது என்று பயந்து பலர் அப்போதுதான் நிறுத்துகிறார்கள். போட்டோவில் திட்டின் எல்லை அப்படியேதான் இருக்கும். எல்லையே பெருகியிருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்கைந்து சிறு திட்டு மட்டும் உள்ளவர்களுக்கு 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் அல்லது எக்ஸைமர் விளக்கு இன்னொரு வழி. திட்டின்மேல் மட்டும் விழும் என்பதால் சுற்றுத் தோல் கறுக்காது. செலவு கூடுதல்.

கார்போக அரிசி எண்ணெய் தடவி வெயிலில் நிற்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்கிறார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

கார்போக அரிசியில் சொராலென் என்ற ரசாயனம் இருக்கிறது, அது வேலை செய்யும் பொருள்தான். எகிப்தில் அம்மி மேஜஸ் என்ற செடியின் விதையை இதே நோய்க்குப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த சொராலெனை வைத்து எல் மொஃப்டி என்ற மருத்துவர் 1940-களின் இறுதியில் வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். 'பூவா' என்ற சிகிச்சைமுறை அந்த வழியில் வந்தது. சொராலென் தோலை யூவிஏ கதிருக்குக் கூர்மையாக்கும். வெயிலிலும் யூவிஏ இருப்பதால், மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் நிற்கும் 'பூவாசால்' முறையை நம் நாட்டு டாக்டர்கள் இன்றும் எழுதுவதுண்டு.

பிரச்சினை அளவில்தான். டாக்டர் எழுதும் தடவு மருந்தில் சொராலென் 0.1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. அவ்வளவு நீர்த்தும்கூடக் கொப்புளம் வருவதுண்டு. வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நின்றவர் கை முழுக்க நீர்க்கொப்புளத்தோடு வருவது தோல் டாக்டர்களுக்குப் பழக்கமான காட்சி. கொப்புளம் ஆறிய இடத்தில் திட்டு முன்னைவிடப் பெரிதாகலாம் என்பதை மேலே சொன்னோம். இந்த விதையை உள்ளே சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

சொராலென் மாத்திரை போட்டவர் அன்று முழுவதும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். குமட்டல் வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கூடாது. வந்த நிறமும் சுற்றுத் தோலோடு நாரோபேண்ட் அளவுக்கு ஒத்துப்போவதில்லை. நாரோபேண்ட் கிடைக்கிற ஊரில் நாங்கள் அதையே சொல்வோம்.

வெறும் வெயில் போதாதா என்று சிலர் கேட்கலாம். வெயிலில் 311 நானோமீட்டரும் இருக்கிறது. ஆனால் மாதம், மணி, மேகம் எல்லாவற்றுக்கும் ஏற்ப அது மாறும், அளந்து தர முடியாது. நிறமில்லாத தோல் சீக்கிரம் வேகும். மூடிய ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவதால் எந்தப் பலனும் இல்லை, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும்.

லைட் வைக்கும் காலத்தில் புளிப்பு, மீன், கத்தரிக்காய் சாப்பிடக் கூடாதா? களிம்பும் போட வேண்டுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

எல்லாம் சாப்பிடலாம். பத்தியத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை.

விலக்க வேண்டியவை வேறு. தோல் தொடர்ந்து உரசும் இடத்தில் புதுத் திட்டு வரும்: இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, இடுப்பு பெல்ட், செருப்பு வார், கைக்கடிகாரப் பட்டை, குளிக்கும்போது தேய்க்கும் பீர்க்கங்கூடு. நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக், வாருக்குக் கீழே பஞ்சு வைத்த செருப்பு என்று மாற்றுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையிலும் சில ரப்பர் செருப்புகளிலும் உள்ள ரசாயனம் மெலனோசைட்டை நேரடியாகக் கொல்லும். நெற்றி நடுவில் பொட்டு அளவில் வட்டமாக வெளுத்தால் அன்றே பொட்டை நிறுத்துங்கள். பொட்டை விடாமல் லைட் மட்டும் வைத்துப் பயனில்லை.

களிம்பு சேர்த்தால் லைட்டின் பலன் கூடும். முகத்துக்குப் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் 0.1 சதவீதம், உடம்புக்கு ஸ்டீராய்டு களிம்பு விட்டு விட்டு. லைட் வைத்த பிறகு தடவுங்கள், முன்னால் வேண்டாம். ரக்ஸோலிடினிப் 1.5 சதவீதக் களிம்புக்கு அமெரிக்காவில் 2022-இல், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது. திட்டுகள் வாரத்துக்கு வாரம் பெருகினால், அல்லது பொரி சிதறியது போலக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் திடீரென்று தோன்றினால், லைட்டுக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை போடும் முறையில் டாக்டர் பரவலை நிறுத்துவார், லைட்டும் கூடவே நடக்கும். தைராய்டு பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகம்.

மூன்று மாதக் கர்ப்பம். லைட்டை நிறுத்த வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

நாரோபேண்டை நிறுத்த வேண்டியதில்லை. யூவிபி தோலைத் தாண்டிக் கருவுக்குப் போகாது. அது ரத்தத்தில் ஃபோலேட்டைக் குறைக்கலாம் என்பதால் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கர்ப்பக் காலத்தில் கன்னத்தில் மங்கு விழும் வாய்ப்பு உண்டு, முகத்தில் திட்டு இல்லையென்றால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். சொராலென், ஸ்டீராய்டு மாத்திரை, ரக்ஸோலிடினிப் இவற்றில் ஏதாவது கூடவே போய்க்கொண்டிருந்தால் அடுத்த வேளை எடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

பத்து மாதத்தில் முகமும் கழுத்தும் முழுக்க நிறம் வந்துவிட்டது. இனி நிறுத்தலாமா? இவ்வளவு லைட் வைத்ததால் புற்றுநோய் வருமா?
– ஒரு வாசகர், வேலூர்

மகிழ்ச்சியான கேள்வி. உங்கள் பொறுமை பலித்திருக்கிறது.

புற்றுநோய்ப் பயம் நியாயமானதுதான், யூவி கதிர் என்றால் எல்லோருக்கும் வரும் பயம். வெண்புள்ளிக்கு நாரோபேண்ட் எடுத்தவர்களைப் பற்றித் தென்கொரியாவில் அறுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்த கணக்கில் தோல் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 200 தடவைக்கு மேல் எடுத்தவர்களிடம், வெயிலால் வரும் சொரசொரப்புத் திட்டுகள் மட்டும் அதிகம். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலுக்கு இத்தனை தடவைதான் என்ற உச்ச வரம்பை நிபுணர்கள் வைக்கவில்லை. வருடம் ஒருமுறை உடம்பு முழுக்கத் தோல் பரிசோதனை போதும்.

சட்டென்று நிறுத்தாதீர்கள். முதல் மாதம் வாரம் இரண்டு, இரண்டாம் மாதம் வாரம் ஒன்று, மூன்றாம் நான்காம் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்து, அதன் பிறகு நிறுத்துங்கள். இறங்கும் காலத்தில் இடைவெளி கூடுவதால் மில்லிஜூலையும் டாக்டர் குறைப்பார்.

நிறம் வந்த இடத்தில் ஒரு வருடத்துக்குள் மீண்டும் வெளுப்பது பத்தில் நான்கு பேருக்கு நடக்கிறது. தாக்குதலை நினைவு வைத்திருக்கும் காவல் செல்கள் அங்கேயே தங்கியிருப்பதே காரணம். வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸ் களிம்பைத் தொடர்ந்து தடவுவது இதைத் தடுக்கிறது. ஃபிரான்ஸில் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் மருந்து கலக்காத வெறும் களிம்பு தடவியவர்களில் 40 சதவீதத் திட்டுகள் திரும்பி வெளுத்தன, டாக்ரோலிமஸ் தடவியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதம்தான். திங்கள், வியாழன் என்று இரண்டு கிழமையைக் குறித்துக்கொண்டு இரவில் தடவுங்கள்.

மாதம் ஒருமுறை போட்டோவையும் நிறுத்த வேண்டாம். ஓரத்தில் சிறிது வெளுத்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள், புதிதாக வெளுத்த இடம் லைட்டுக்குச் சீக்கிரம் இணங்கும். ஆனால் நீங்கள் நிறுத்தியபோது இருந்த நொடிக் கணக்கில் போய் நிற்காதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி 200 மில்லிஜூலில் தொடங்கச் சொல்லுங்கள்.